நெஞ்செரிச்சல் மாத்திரை இருக்கட்டும், முதலில் பிபியைக் காட்டுங்கள்

கர்ப்பம் 32 வாரம், நெஞ்செரிச்சல், வீட்டில் பார்த்த பிபி 146/94, நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் மாத்திரை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சகோதரி, எனக்கு அந்த பிபிதான் கவலை. 20 வாரத்துக்கு மேல் 140/90-ஐத் தொட்டாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். ப்ரீ-எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிபி ஏறி ஈரல், சிறுநீரகத்தையும் பாதிக்கும் நோய், இருக்கிறதா என்று சிறுநீரில் புரதமும் பார்ப்பார்கள். மேல்வயிற்றில், வலது விலாவுக்குக் கீழே வலித்தால் அது அமிலமாக இல்லாமல் ஈரல் வலியாகவும் இருக்கலாம். என் அக்கா அதை எரிச்சல் என்றே நினைத்து இரண்டு நாள் ஜெலுசில் குடித்துக்கொண்டிருந்தாள்; மோதிரம் கழற்ற முடியாமல் விரல் வீங்கிய பிறகுதான் ஓடினோம். தலைவலி, கண் மங்கல் வந்தால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். பான்டோபிரசோல் கர்ப்பத்தில் டாக்டர்கள் எழுதிக் கொடுப்பதுதான், ஆனால் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஈனோ, சமையல் சோடா மட்டும் வேண்டாம், சோடியம் அதிகம். அப்புறம், டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.