ஐடிஐயில் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

டூல் ரூமில் 6 வருடம், அதன்பின் ஐடிஐயில் ஃபிட்டர் டிரேடு பயிற்றுநராக 22 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். புது பேட்ச் தொடங்கும் நேரம் என்பதால், புதிதாகப் பயிற்றுநர் வேலைக்கு வருகிறவர்களைக் கேள்வி கேட்கச் சொன்னேன். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் பற்றி விவரமாகச் சொல்வேன். மற்ற டிரேடுகளுக்கு எனக்குத் தெரிந்த அளவுக்கு.

ஓசூர்: கம்பெனியில் 9 வருடம் ஃபிட்டராக இருந்தேன். அடுத்த வாரம் ஒரு ஐடிஐயில் சேர்கிறேன். முதல் நாள் என்ன செய்வது?

முதல் நாளுக்கு முன்னால் இரண்டு நாள் இருக்கிறது, அதைச் சொல்கிறேன். பணிமனை காலியாக இருக்கும்போதே போய், மாணவர்களுக்குக் கொடுக்கப்போகும் முதல் ஜாப்பை (செய்யவேண்டிய உலோகத் துண்டை) நீங்களே செய்து பாருங்கள். உங்கள் சொந்த அரத்தைக் கொண்டு போகாதீர்கள். அங்கே இருக்கும் அரம், அங்கே இருக்கும் வைஸ் (ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் கருவி). தாடை தேய்ந்த வைஸ் எது, பிடி கழன்ற அரம் எது என்பது அப்போதுதான் தெரியும். பிடி இல்லாத அரத்தைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதன் வால் உள்ளங்கையில் இறங்கிவிடும்.

வைஸ் உயரத்தையும் பாருங்கள். நேராக நின்று முழங்கையை மடக்கினால் தாடையின் மேல்மட்டம் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். குள்ளமான பையனுக்குக் காலடியில் ஒரு பலகை போடுங்கள். இதைச் செய்யாமல் "உனக்கு ராவ வரவில்லை" என்று சொன்னால் அது அநியாயம்.

இன்னொன்று. 9 வருடமாக உங்கள் கை செய்வதை உங்கள் வாய் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நல்ல தொழிலாளி நல்ல வாத்தியாராக முதல் வருடம் திணறுவது இதனால்தான். "இதோ பார், இப்படி" என்று நாலு இழுப்பு இழுத்துக் காட்டினால் மாணவனுக்கு ஒன்றும் புரியாது. மெதுவாக ராவிக்கொண்டே கை என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இழுப்பின் தொடக்கத்தில் அரத்தின் நுனியைப் பிடித்த இடது கைக்கு அழுத்தம் அதிகம், நடுவில் இரண்டு கைக்கும் சமம், முடிவில் வலது கைக்கு அதிகம். இந்த மாற்றம் இல்லாவிட்டால் அரம் ஊஞ்சலாடி, ஜாப்பின் ஓரங்கள் சரிந்து நடுவில் மேடு விழும். சொல்லாவிட்டால் அவன் அதை ஆறு மாதம் தேடுவான்.

முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் புது ஆட்களை அவசரமாகப் பழக்க வேண்டியிருந்தது. அப்போது உருவான நான்கு படி முறை இன்றும் உதவும். ஆளைத் தயார்செய், செய்து காட்டு, செய்ய விடு, சோதித்துப் பார். நம்மில் பலர் இரண்டாம் படியிலிருந்து நேராக நான்காம் படிக்குத் தாவிவிடுகிறோம்.

நேரக் கணக்கும் முக்கியம். நீங்கள் 40 நிமிடத்தில் முடிப்பதற்கு அவர்களுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதை ஒப்புக்கொண்டு திட்டம் போடுங்கள்.

விழுப்புரம்: சிஐடிஎஸ் (கைவினைப் பயிற்றுநர் பயிற்சி) கட்டாயமா? நான் மெக்கானிக்கல் டிப்ளமோ.

ஆம். ஃபிட்டர் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு இரண்டு பயிற்றுநர் என்றால் ஒருவர் பட்டம் அல்லது டிப்ளமோ, மற்றவர் ஐடிஐ அல்லது அப்ரண்டிஸ் சான்றிதழ் பெற்றவர். இருவருக்குமே கைவினைப் பயிற்றுநர் சான்றிதழ் வேண்டும். அந்த ஒரு வருடத்தைச் சடங்காக நினைக்காதீர்கள். டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கையும், ஐடிஐ முடித்தவர்களுக்குச் சொல்லும் திறனும் அங்கேதான் வரும்.

கரூர்: எனக்கு வயது 24. டர்னர் டிரேடு. லேத் வகுப்பை எங்கிருந்து தொடங்க?

சக் சாவியிலிருந்து. லேத்தில் ஜாப்பைப் பிடித்துச் சுழலும் பகுதிதான் சக், அதை இறுக்குவது இந்தச் சாவி. லேத்தை ஆன் செய்வதற்கு முன்பே ஒரு வகுப்பு முழுக்க அதற்குக் கொடுங்கள். சாவியைச் சக்கில் செருகிய கை, அதை வெளியே எடுக்கும்வரை சாவியை விடக் கூடாது. இதைத் தவிர வேறு விதி எதையும் அன்று சொல்ல வேண்டாம்.

பயிற்றுநராக என் மூன்றாவது வருடத்தில் ஒரு பையன் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போட்டான். அது பறந்து போய்ப் பத்தடி தள்ளி இருந்த இரும்பு அலமாரியைக் குழிய வைத்தது. அந்த இடத்தில் அரை நிமிடத்துக்கு முன்னால் இன்னொரு பையன் நின்றுகொண்டிருந்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தவறு என்னுடையது. விதியைச் சொல்லியிருந்தேனே தவிர, பழக்கியிருக்கவில்லை.

சுழலும் மெஷின் பக்கத்தில் கையுறை, மோதிரம், கைக்கயிறு, முழுக்கைச் சட்டையின் பொத்தான் போடாத முனை எதுவும் கூடாது. மாணவிகளுக்குத் துப்பட்டாவுக்கு மேல் கோட்டும் கட்டிய முடியும் அவசியம். உங்களுக்கும் அப்படியே. நீங்கள் போடாததை அவர்கள் போட மாட்டார்கள்.

தூத்துக்குடி: எலக்ட்ரீஷியன் டிரேடு. வயரிங் பலகையில் சப்ளை கொடுத்துச் சோதிப்பதை எந்த வாரம் தொடங்கலாம்?

இதை அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் பயிற்றுநரிடம் கேளுங்கள். நான் சொல்வது முறையாகாது.

கோவை: சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். உங்களிடமிருந்து வரும் பையன்களுக்கு ராவத் தெரிகிறது, ஆஃப்செட் (மெஷினில் அளவைத் திருத்தக் கொடுக்கும் எண்) மாற்றத் தெரியவில்லை. ராவுவதை நிறுத்திவிட்டு நேராக மெஷினில் விடக் கூடாதா?

கூடாது. காரணத்தைச் சொல்கிறேன்.

0.02 மி.மீ. என்று பலகையில் எழுதினால் அது வெறும் எண். ஒரு சதுரத்தை ராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் இடுக்கில் ஒரு கீற்று தெரியும். அந்தக் கீற்று மறையும்வரை ராவியவனுக்கு அந்த எண் கையில் ஏறிவிடும். பிறகு எந்த மெஷினில் நிறுத்தினாலும் அது அவனை விட்டுப் போகாது.

உங்கள் ஆஃப்செட்டையே எடுத்துக்கொள்வோம். திருத்தும் எண் எங்கிருந்து வருகிறது? பையன் அளந்த அளவிலிருந்து. 50 மி.மீ. விட்டமுள்ள எஃகு ஜாப், அறைச் சூட்டைவிட 30 டிகிரி கூடுதலாக இருந்தால் ஏறக்குறைய 0.017 மி.மீ. பெருத்திருக்கும். மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்து திருத்தினால், ஆறியபின் அது சிறுத்துக் கழிவாகும். பிசிறை எடுக்காமல் அளந்தாலும், மைக்ரோமீட்டரைச் சாய்த்துப் பிடித்தாலும் இதே கதைதான். பொத்தானை அழுத்துவதை உங்கள் பட்டறையில் பதினைந்து நாளில் பழகிவிடுவான். அளவெடுக்கும் கையை நீங்கள் பழக்க முடியாது, உங்களுக்கு டெலிவரி அவசரம்.

மதுரை: சரியாகச் சொன்னீர்கள். நான் ஓய்வுபெற்ற பயிற்றுநர். எங்கள் காலத்தில் ஆறு மாதம் ராவினோம். இப்போதும் அப்படியே வேண்டும்.

ஐயா, மன்னியுங்கள், அதை நான் ஏற்கவில்லை. நானும் அந்த ஆறு மாதம் ராவியவன்தான். கடைசி மூன்று மாதத்தில் என் கை புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அதுவும் போக, வருடத்துக்கு 1600 மணி நேரமாக இருந்த பயிற்சி 2022 பாடத்திட்டத்தில் 1200 ஆகிவிட்டது. குறைந்த நேரத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்று யோசிக்காவிட்டால் கடைசியில் இருக்கும் பாடம்தான் அடிபடும். அது பெரும்பாலும் மெஷின் பாடம்.

கோவை: சரி, ஆறு வாரம் ராவட்டும். அப்புறம்?

ஆறு வாரம் நியாயமான கணக்கு. அப்புறம் நீங்கள் வர வேண்டும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து தொழில் 4.0 மையங்களாக உயர்த்தியிருக்கிறார்கள். சிஎன்சி, ரோபோ எல்லாம் வந்திருக்கிறது. அந்த மெஷின்களில் என்ன ஜாப் செய்வது என்பதைப் பட்டறைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கெட்டுப்போன ஜாப்களைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். டிராயிங்கோடு பக்கத்து ஐடிஐக்குக் கொடுங்கள். எந்த அளவு தவறியது, ஏன் தவறியது என்று இருபது பேர் உட்கார்ந்து கண்டுபிடிக்கட்டும். நான் இதைச் செய்திருக்கிறேன். நல்ல ஜாப்பைக் காட்டி நடத்திய எந்த வகுப்பும் அந்த அளவுக்குச் சூடாக இருந்ததில்லை. தொழிற்கூடப் பயிற்சிக்குப் பாடத்திட்டத்தில் 150 மணி நேரம் இருக்கிறது. அதற்கு வரும் பையனைக் கூட்டிப் பெருக்க மட்டும் வைக்காமல் ஆய்வு மேசையில் உட்கார வையுங்கள்.

சேலம்: புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். முதல் நாள் என்ன செய்வது?

ஓசூர் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகர்கோவில்: பொறியியல் பட்டம் இருந்தாலும் சிஐடிஎஸ் வேண்டுமா?

வேண்டும். விழுப்புரம் நண்பருக்குச் சொன்னதில் பட்டமும் இருக்கிறது.

திருநெல்வேலி: வெல்டர் டிரேடு. வெல்டிங் ராடு போதவில்லை. இருபது பேருக்குப் பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது.

எல்லா ஐடிஐயிலும் இதே பாடுதான். ஆர்க் இல்லாமலே ஹோல்டரைப் பிடித்து, கோணமும் வேகமும் மாறாமல் கோட்டின் மேல் நகர்த்தச் சொல்லுங்கள். கை நடுக்கத்தில் பாதி ராடு வீணாவது அதிலேயே குறையும். ஒரே தகட்டின் மேல் பீடுக்கு (ராடு உருகிப் படியும் கோடு) பக்கத்தில் பீடாக நிரப்பச் சொன்னால் தகடும் மிச்சமாகும். துண்டுத் தகட்டைப் பக்கத்துப் பட்டறைகளில் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் துத்தநாகம் பூசிய தகடு வந்தால் ஒதுக்கிவிடுங்கள். அந்தப் புகை அன்று இரவே குளிர் காய்ச்சல் கொண்டுவரும். ஆக்சிஜன் சிலிண்டர் வால்வில் எண்ணெயோ கிரீஸோ பட்ட கை படக் கூடாது என்பதையும் முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

ஈரோடு: சம்பளம் எவ்வளவு வரும்?

அரசு, தனியார் என்று மாறும். சேரும் இடத்தில் கேளுங்கள்.

தஞ்சாவூர்: ஜாப்புக்கு எப்படி மதிப்பெண் போடுவது? "எனக்கு ஏன் குறைவு" என்று சண்டைக்கு வருகிறார்கள்.

நீங்கள் அளப்பதற்கு முன் அவனை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் அவன் முன்னாலேயே நீங்கள் அளங்கள். ஜாப்பின் அளவுக்கு ஒரு மதிப்பெண், சரியாக அளந்ததற்குத் தனி மதிப்பெண். ஜாப் 0.1 குறைந்துவிட்டது என்று தானே எழுதித் தருகிறவனுக்கு நான் தாராளமாகப் போடுவேன். இரண்டு வாரத்தில் சண்டை நின்றுவிடும்.

திண்டுக்கல்: முதல் நாள் வகுப்பு...

மேலே இருக்கிறது. தயவுசெய்து முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள். டர்னர் என்றால் சக் சாவியையும்.

தருமபுரி: என் பேட்சில் ஒரு பையன் லேத் பக்கமே வருவதில்லை. மற்றவர்கள் செய்வதைப் பின்னால் நின்று பார்க்கிறான். திட்டினாலும் பலனில்லை.

திட்டாதீர்கள். பயம்தான் காரணமாக இருக்கும். வீட்டில் யாருக்காவது மெஷினில் அடிபட்டிருக்கலாம், தனியாகக் கேளுங்கள். பயப்படுகிறவன் கவனமாக இருப்பான், அவன் இந்தத் தொழிலுக்கு வேண்டியவன்.

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, சக்கில் ஜாப்பைப் பொருத்திக் கழற்றும் வேலையை மட்டும் ஒரு வாரம் கொடுங்கள். கையால் சக்கைச் சுற்றி ஜாப் ஆடுகிறதா என்று பார்க்கட்டும். அதோடு பணிமனையின் சக் சாவிகள் எல்லாவற்றையும் அவன் பொறுப்பில் விடுங்கள். எந்த மெஷின் ஓடுவதற்கு முன்னும் சாவி அவன் பலகைக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும், வராவிட்டால் அவன் போய்க் கேட்பான். கேட்பதற்காகவாவது ஒவ்வொரு லேத்துக்குப் பக்கத்திலும் போய் நின்றாக வேண்டும். அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.