பருத்தியில் வாடல் நோய்க்கு டிரைக்கோடெர்மாவையும் கார்பன்டாசிமையும் கலந்து ஊற்றலாமா?

கலக்காதீர்கள். நோய்ப் பூஞ்சையை அடக்க நாம் மண்ணில் போடும் டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். கார்பன்டாசிம் பூஞ்சையின் செல் பிரிவதைத் தடுக்கிற மருந்து. நல்லது, கெட்டது பார்க்காது. இரண்டுக்கும் இடையே பதினைந்து நாளாவது விடுங்கள். இதே வேலைக்குப் போடுகிற சூடோமோனாஸ் பாக்டீரியா என்பதால் அதற்கு அவ்வளவு பாதிப்பு வராது.

அதற்கும் முன்னால், வாடிய செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே பழுப்பாகவோ கருப்பாகவோ கோடு ஓடுகிறதா? அது பியூசேரியம் அல்லது வெர்டிசிலியம் என்கிற வாடல் நோய்ப் பூஞ்சை. இதில் பியூசேரியம் நம் நாட்டில் கருங்கண்ணி மாதிரி நாட்டுப் பருத்தியைத்தான் பிடிக்கும். செடி லேசாக இழுத்ததும் கையோடு வந்து, வேர்ப்பட்டை நார் நாராக உரிந்தால் வேரழுகல்.

வேரும் தண்டும் சுத்தமாக இருந்து, இலை மட்டும் தொங்கினால்? எங்கள் பெரம்பலூர் பக்கம் பி.டி. (மரபணு மாற்றிய) பருத்தியில் அடிக்கடி வருவது இதுதான். நல்ல வெயில் காய்ந்து, காய் பிடிக்கிற நேரத்தில் பெருமழை கொட்டி வேரில் தண்ணீர் கட்டினால் ஒரே நாளில் செடி சாய்ந்துவிடும். பூஞ்சையே இல்லாத இந்த வாடலுக்குக் கடன் வாங்கிப் பூஞ்சைக்கொல்லி ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் மனசு தாங்கவில்லை. உடனே தண்ணீரை வடியுங்கள். வாடத் தொடங்கிய அன்றே கோபால்ட் குளோரைடு லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் தெளித்தால் பல செடிகள் பிழைக்கும்.

பூஞ்சைதான் என்று உறுதியானால் வாடிய செடிக்கும் சுற்றியுள்ள செடிகளுக்கும் தூரில் லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் கலந்து ஊற்றுங்கள். காய்ந்துபோன செடி மீளாது. பக்கத்துச் செடிக்குப் பரவாமல் இருக்கத்தான் இது.

டிரைக்கோடெர்மா முன்கூட்டியே மண்ணில் இருக்க வேண்டியது. ஏக்கருக்கு ஒரு கிலோவை மக்கிய தொழுவுரம் 50 கிலோவில் கலந்து, ஈரம் இருக்கும்போது போடுங்கள். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம். கடையில் வாங்கும் பி.டி. விதையில் ஏற்கெனவே மருந்து பூசியிருக்கலாம், பாக்கெட்டைப் படியுங்கள். பூஞ்சைக்கொல்லி பூசியிருந்தால் மண்ணில் இடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், நோய் வந்த காட்டில் பருத்தி மாரை (அறுவடைக்குப் பின் நிற்கும் செடித் தண்டை) மடக்கி உழாமல் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். பியூசேரியம் மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அடுத்த போகம் சோளமோ மக்காச்சோளமோ போடுவது நல்லது.