டிஜிட்டலில் வரையப் பழகினால் கைத்திறமை போய்விடுமா?

போகாது. ஆனால் கேள்வியோடு "பாதி வேலையை மென்பொருளே செய்துவிடுகிறதே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1937இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்த ஓவியர் டேவிட் ஹாக்னி, தூரிகையால் பேரெடுத்தவர். எழுபதைத் தாண்டிய பிறகு, ஐபோனில் 'பிரஷஸ்' என்ற செயலியில் கட்டைவிரலால் பூக்கள் வரைந்து நண்பர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார். 2010இல் ஐபேட் வந்ததும் அதற்கு மாறினார். யார்க்ஷயர் வீட்டில் படுக்கையில் இருந்தபடியே விடியலை வரைந்தார். தாளில் வரைய விளக்கைப் போட வேண்டும். போட்டால் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற அந்த மங்கல் நிறம் ஓடிவிடும். திரைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது என்ன நிறம் என்று பார்த்துச் சொன்னது அவர் கண்தானே? 2011இல் வோல்ட்கேட் சாலையில் வசந்தம் வருவதை ஐபேடில் வரைந்த படங்கள், அடுத்த ஆண்டே லண்டன் ராயல் அகாடமியில் பெரிய அளவில் அச்சாகித் தொங்கின.

அந்தச் செயலியில் இன்னொரு வசதி இருந்தது. ஒவ்வொரு கோடும் பதிவாகும். படம் முடிந்ததும் முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்க்கலாம். தான் வரைவதை அதுவரை தானே பார்த்ததில்லை என்று ஹாக்னி வியந்தார். என்னைக் கேட்டால், டிஜிட்டலில் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான், போட்ட கோட்டை உடனே நீக்கிவிடுகிற அன்டூ அல்ல. முகம் வரைகிற பலர் தலையின் சாய்வு சரியாக அமையும் முன்பே கண்ணில் இறங்கிவிடுவார்கள். இமை முடி வரை முடிந்த பிறகு கண் இடம் தவறி நிற்கும். அதை லாஸோவால் (ஒரு பகுதியைச் சுற்றிக் கோடு போட்டுத் தேர்ந்தெடுக்கும் கருவி) வெட்டி நகர்த்துவார்கள். முடிந்த படத்தில் இது தெரியாது, ஓடவிட்டால் அப்பட்டமாகத் தெரியும். நான் இன்றும் படம் முடிந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். புரோகிரியேட், ஐபிஸ் பெயின்ட், கிரிட்டா என்ற மூன்று வரையும் மென்பொருள்களிலும் இந்த வசதி உண்டு.

கைக்கு ஆபத்து என்றால் ஜூமில்தான். விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனால் தோள் அசையாது, மணிக்கட்டு மட்டும் வேலை செய்யும். கோடு நடுங்கும். முழுப் படமும் திரையில் தெரிகிற அளவில் வைத்துக்கொண்டு, படம் முக்கால்வாசி முடியும் வரை பெரிதாக்காமலே வரைந்து பாருங்கள். சாதாரணக் காகித ஸ்கெட்ச் புத்தகமும் பக்கத்தில் இருக்கட்டும்.

செலவைப் பற்றிக் கவலை என்றால், பழைய பென் டேப்லெட் (கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகை) ஒன்றும் கிரிட்டாவும் போதும், கிரிட்டா இலவசம். அப்புறம், கண்ணாடித் திரையில் பேனா வழுக்கினால் சொரசொரப்பான ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம். பேனாவின் முனை (நிப்) கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான்.