இன்ரெலா, ஏஎம்டியா? மேசைக்கணினிச் செயலிகள் பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளில், மேசைக்கணினியின் மூளையான செயலி பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். விலையை மட்டும் கேட்டிருந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். டொலரோடு ஏறி இறங்கும் விலையை நான் இன்று எழுதிவைத்தால், அதை நாளை கடைக்காரரிடம் காட்டி வாதாட முடியாது.

பரந்தன், ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, கைத்தொலைபேசிச் செயலிகளைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. மேசைக்கணினி என்றால் மட்டும் ஏன் இன்ரெல், ஏஎம்டி என்று இரண்டே பெயர்கள்?

ஐயா, மற்றவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பது பாதி உண்மை. மீதி உரிமம் பற்றிய கதை. விண்டோஸும் அதில் ஓடும் மென்பொருள்களும், 1978 இல் இன்ரெல் வெளியிட்ட 8086 இன் வழிவந்த எக்ஸ்86 கட்டளைத் தொகுதிக்கென (செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளின் பட்டியல் அது) எழுதப்பட்டு வளர்ந்தவை. 1981 இல் வந்த தன் கணினிக்கு 8088 செயலியைத் தெரிவுசெய்த ஐபிஎம், ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க விரும்பாமல், அதே செயலியைச் செய்துதர இரண்டாவது உற்பத்தியாளர் ஒருவரும் வேண்டும் என்று கேட்டது. 1982 இல் இன்ரெலும் ஏஎம்டியும் ஒப்பந்தம் செய்துகொண்டது அதன் பயனாகவே. பின்னர் 386 வந்தபோது அதன் வடிவமைப்பைக் கொடுக்க இன்ரெல் மறுத்தது. ஏஎம்டி தானே முயன்று 1991 இல் தன் 386 ஐக் கொண்டுவந்தது. இருவரின் வழக்குகளும் 1995 வரை இழுபட்டன. சைரிக்ஸ் என்ற இன்னொரு போட்டியாளர் 1999 இல் தாய்வானின் வியா நிறுவனத்தின் கைக்குப் போய், சில காலத்தில் கடைகளிலிருந்தே மறைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 64 இரும இலக்கங்களை ஒரே தடவையில் கையாளும் 64 பிற் காலத்துக்கென இன்ரெல் இற்றேனியம் என்ற முற்றிலும் வேறான பாதையில் போக, ஏஎம்டியோ பழைய மென்பொருளும் அப்படியே ஓடக்கூடிய வகையில் எக்ஸ்86 ஐ நீட்டி, 2003 இல் ஒப்ரெரோன், அதிலோன் 64 என்ற செயலிகளாக விற்றது. சந்தை ஏஎம்டியின் பக்கம் சாய்ந்ததால், அடுத்த ஆண்டே இன்ரெலும் அந்த நீட்சியை ஏற்றுக்கொண்டது. ஆகவே இன்று நாம் வாங்கும் இன்ரெல் செயலிக்குள் ஏஎம்டி வகுத்த கட்டளைகளும், ஏஎம்டி செயலிக்குள் இன்ரெல் வகுத்த கட்டளைகளும் இருக்கின்றன. ஒருவர் மற்றவருக்கு உரிமம் கொடுத்துத்தான் இருவரும் தொழில் நடத்துகிறார்கள். மூன்றாமவர் ஒருவர் உள்ளே வருவதற்கு வாசல் அவ்வளவு ஒடுக்கம்.

மல்லாவி, உயர்தர மாணவர்: அண்ணா, வவுனியாவில் பழைய ஐ7-2600 கணினி ஒன்று குறைந்த விலைக்கு இருக்கிறது. புதிய ஐ3-12100 போட்டு எடுத்தால் விலை கூட. ஐ7 தானே பெரியது?

தம்பி, ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் செயலிகளைத் தரம் பிரிப்பதற்கான பெயர்களே தவிர, தலைமுறை தாண்டி ஒப்பிடுவதற்கானவை அல்ல. நீர் கேட்ட இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாரும். ஐ7-2600 வந்தது 2011 இல்: நான்கு கோர்கள் (செயலிக்குள் தனித்தனியே வேலைசெய்யும் பகுதிகள்), எட்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்), 95 வாற்று. ஐ3-12100 வந்தது 2022 இல்: அதே நான்கு கோர்கள், அதே எட்டு த்ரெட்கள், 60 வாற்று. எண்ணிக்கை ஒன்றாக இருந்தும், தனியொரு கோரின் வேகத்தில் புதியது ஏறத்தாழ இரு மடங்கு. ஒரே கடிகார வேகத்திலும் ஒவ்வொரு துடிப்புக்கும் அது முடிக்கும் வேலை கூடியிருப்பதே இதற்குக் காரணம். பெட்டியில் எழுதியிருக்கும் கிகாஹேர்ட்ஸை, அதாவது கடிகார வேகத்தை, மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

அந்தப் பழைய மதர்போட்டில் டிடிஆர்3 என்ற பழைய வகை றாம்தான் ஏறும். என்விஎம்ஈ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கு இடம் இராது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிப் பட்டியல் இன்ரெலின் எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகிறது; ஐ7-2600 அதற்கு முந்தியது. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தும்விட்டது. குறிப்பு எழுதவும் பைதன் நிரல்மொழி பழகவும் மட்டுந்தான் என்றால், பழைய சாற்றா இணைப்பில் ஏறும் எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, அதில் லினக்ஸ் ஏற்றி, அந்தப் பழையதை வைத்தே படித்து முடிக்கலாம். ஆனால் “ஐ7” என்ற ஒட்டிக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

புதுக்குடியிருப்பு, தொடர்பாடல் நிலையம் நடத்துபவர்: ஐ5-12400எஃப் போட்ட கணினி ஒன்று எடுத்தேன். மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. செயலி பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. இன்ரெலில் எஃப் என்று முடிந்தால், படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி உள்ளே இல்லை. தனியே ஒரு காட் போட்டால்தான் படம் வரும். ஏஎம்டியின் ரைசன் என்ற செயலிகளில் 5000 வரிசை வரைக்கும், பெயரின் இறுதியில் ஜி இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். 5600ஜி ஓர் எடுத்துக்காட்டு. 7000 வரிசையிலிருந்து, எஃப் என்று முடிபவை போன்ற சிலவற்றைத் தவிர, ஏனையவற்றில் சிறிய கிராபிக்ஸ் ஒன்று உள்ளேயே வருகிறது. விண்ணப்பப் படிவமும் போட்டோப்பிரதியுமாக ஓடும் கடைக்கு எஃப் வகை தேவையே இல்லை; மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள்.

வவுனியா, திருமண ஒளிப்பதிவாளர்: கோர்கள் அதிகம் என்று ஏஎம்டி எடுக்கச் சொல்கிறார்கள். எடிற்றிங்கிற்கு அதுதானே நல்லது?

உங்கள் கமரா எந்த வடிவத்தில் பதிகிறது என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்லலாம். இப்போதைய கமராக்கள் பல 4:2:2, 10 பிற், எச்.265 என்ற, நிற விவரத்தைக் கூடுதலாக வைத்துக் கோப்பை இறுக்கிச் சுருக்கும் வடிவத்தில் பதிகின்றன. அந்தக் கோப்பை விரித்துக் காட்டுவதற்கான தனிப் பகுதி, இன்ரெலின் பதினோராம் தலைமுறை முதலான மேசைக்கணினிச் செயலிகளின் உள்கிராபிக்ஸில் இருக்கிறது. அது இல்லாத கணினியில் கோர்கள் எத்தனை இருந்தாலும், தாலி கட்டும் காட்சியை முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும்போது படம் தட்டுத்தடுமாறும். ஆகவே உங்களுக்கு என் தெரிவு இன்ரெல். அதிலும் எஃப் இல்லாதது. பழைய எச்.264 வடிவத்தில்தான் பதிகிறீர்கள் என்றால் இந்தக் கணக்குப் பொருந்தாது. அப்போது இருவரில் எவரையும் எடுக்கலாம்.

அறிவியல்நகர், பொறியியல் மாணவி: ஓட்டோகாட்டிற்குப் பதினாறு கோர் வேண்டுமா அண்ணா?

வேண்டாம் தங்கச்சி. வரைபடம் வரையும் வேலையில் பெரும்பகுதி ஒற்றைக் கோரிலேயே நடக்கிறது. தனிக்கோர் வேகம் கூடிய ஆறு கோர்ச் செயலி ஒன்றும் 16 ஜிபி றாமும் போதும். வரைந்ததை முழுப் படமாக்கும் ரெண்டரிங் வேலையை அடிக்கடி செய்பவராக இருந்தால் மட்டும் கோர்களை எண்ணுங்கள்.

முல்லைத்தீவு, அலுவலக உதவியாளர்: பத்து மணிக்குப் பிறகு கணினி இரைந்து, சூடாகி, மெதுவாகிவிடுகிறது. ஏஎம்டி என்றால் சூடு என்கிறார்கள், உண்மையா?

அந்தப் பேச்சு பழைய காலத்தின் மிச்சம். 2011 இல் வந்த ஏஎம்டியின் எஃப்எக்ஸ் செயலிகள், அதிக மின்சாரத்தைக் குடித்தும் வேகத்தில் பின்தங்கியிருந்தது உண்மைதான். 2017 மார்ச்சில் ரைசன் வந்தபின் நிலைமை மாறியது. அண்மைய ஆண்டுகளில் பார்த்தால், இன்ரெலின் ஐ9-13900கே உச்சத்தில் 253 வாற்று வரை போகும். ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் 230 வாற்று வரை போகும். இருவருமே குறைந்தவர்கள் அல்லர். பெட்டியில் 65 வாற்று என்று போட்டிருக்கும் ஐ5-12400 கூட உச்சத்தில் 117 வாற்று எடுக்கும்; 65 வாற்று ரைசன் ஒன்றின் உச்சம் 88.

உங்கள் அலுவலகத்தில் செயலியின் பெயரைவிடத் தூசுதான் முதற் சந்தேகத்துக்குரியது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பெட்டியைத் திறந்து, செயலியின் மேலேயுள்ள விசிறியின் நான்கு பிடிகளையும் கழற்றித் தூக்கிப் பாருங்கள்: விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையே செம்மண் தூசு பஞ்சு மெத்தைபோலப் படிந்திருக்கும். மேலிருந்து பார்க்கும்போது விசிறி சுத்தமாகத் தெரிவதால் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. தூரிகையால் அதை எடுத்து, காய்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணியளவு வைத்து மூடினால், பெரும்பாலும் இரைச்சல் அடங்கிவிடும். கடற்கரைப் பக்கம் என்பதால் றாமின் பொன்னிறத் தொடுமுனைகளிலும் உப்புக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். செயலி சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது, எரிந்துபோகாமல் இருப்பதற்கான ஏற்பாடு. அதைப் பழுது என்று சொல்லிப் புதியது விற்கும் இடங்களும் உண்டு.

மாங்குளம், தனியார் வகுப்பு நடத்துபவர்: இன்ரெல் 13, 14 ஆம் தலைமுறைகள் பழுதாகின்றன என்று கேள்விப்பட்டேன். வாங்கலாமா?

அந்தச் செய்தி பொய்யல்ல. தேவைக்கு மேற்பட்ட வோல்ற்றேஜைச் செயலியே கேட்டு வாங்கி, அதனால் நாளடைவில் தளர்ந்துபோகும் குறை அவற்றில் இருந்தது. உயர் வகைகளான ஐ9, ஐ7 என்பவற்றில்தான் கூடுதலாக வெளிப்பட்டது. 2024 ஓகஸ்டில் 0x129 என்ற திருத்தத்தை இன்ரெல் வெளியிட்டது; பெட்டியோடு விற்ற செயலிகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டி ஐந்தாக்கியது. அந்தத் திருத்தம் பயோஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், மதர்போட்டிலுள்ள மென்பொருள்) வழியாகத்தான் வரும். ஏற்கெனவே தளர்ந்த செயலியை அது மீட்காது. ஆகையால் புதியது வாங்கினால் முதல் வேலையாகப் பயோஸைப் புதுப்பியுங்கள். பாவித்த ஐ9 ஐ மட்டும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்கமாட்டேன்.

நெடுங்கேணி: இவர்கள் சண்டையால் நமக்கு என்ன இலாபம்?

2007 முதல் 2017 வரை, சாதாரண மேசைக்கணினிக்கு இன்ரெல் கொடுத்த உயர்ந்த அளவு நான்கு கோர்கள்தான். 2017 மார்ச்சில் ஏஎம்டி எட்டுக் கோர்களுடன் வந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் இன்ரெலின் ஐ7 ஆறு கோர்களானது. 2018 ஒக்ரோபரில் ஐ9 எட்டானது. பத்தாண்டு அசையாதது ஒன்றரை ஆண்டில் இரட்டித்தது. முன்னுக்கு வந்தபின் ஏஎம்டியும் தரும தேவதையாக நடந்துகொள்ளவில்லை: 2020 இல் ரைசன் 5000 வந்தபோது தொடக்க விலையைக் கூட்டித்தான் வைத்தது. இதில் எவருக்கும் விசிறியாக இருக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

மன்னார், வங்கி ஊழியர்: என்னிடம் பி450 மதர்போட்டும் ரைசன் 3 2200ஜி செயலியும் இருக்கின்றன. எல்லாவற்றையும் மாற்றவேண்டுமா?

வேண்டாம். ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கற்றுக்கு (மதர்போட்டில் செயலி பொருந்தும் இடம்) இருக்கும் பெரிய சிறப்பே இதுதான்: 2017 இன் ரைசன் முதல் 5000 வரிசை வரை ஒரே சொக்கற். 2200ஜி, பெயரில் 2000 இருந்தாலும் முதல் தலைமுறை வடிவமைப்பைக் கொண்டது; விண்டோஸ் 11 பட்டியலில் அது இல்லை. ஒரு 5600ஜி வாங்கிப் போட்டால் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், பட்டியலிலும் இடம். றாமும் பெட்டியும் பழையவையே போதும்.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஏஎம்4 செயலியின் அடியில்தான் 1331 ஊசிகளும் இருக்கின்றன. பசை இறுகிய விசிறியை நேரே மேலே இழுத்தால் செயலியும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையும். ஆகவே கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பசையை இளக்கி, நிறுத்தியபின், விசிறியை இடமும் வலமும் மெல்லத் திருகிக் கழற்றுங்கள். அதற்கு முன்னரே, பழைய செயலி இருக்கும்போதே, 5000 வரிசையை ஏற்கும் புதிய பயோஸை ஏற்றிவிடவேண்டும். பயோஸ் எழுதப்படும் நடுவில் மின்சாரம் போனால் மதர்போட் எழும்பாமலே போகக்கூடும். பற்றரி நல்ல நிலையில் உள்ள யுபிஎஸ் ஒன்றில் இணைத்து, மின்தடை அறிவித்திருக்கும் நாளைத் தவிர்த்துச் செய்யுங்கள்.