பழைய காருக்கு எந்தச் செலவு தகும்? கேள்வி பதில்

லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய கார்களைப் பற்றிப் புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எழுதிய எல்லாரும் மீட்டரில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கார் இரவில் எங்கே நிற்கிறது, கடல் எவ்வளவு தூரம் என்பதை ஒருவர் இருவரே எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரைப் பொறுத்தவரை எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): ஐயா, 2008 ஆல்டோ, 1,70,000 கி.மீ. ஓடியிருக்கிறது. புகை வருகிறது, ஆயில் குறைகிறது. இன்ஜினைப் பிரித்து ரிங், பேரிங் எல்லாம் மாற்ற 40,000 ரூபாய் கேட்கிறார் மெக்கானிக். விற்றால் 80,000 கிடைப்பதே சந்தேகம். விலையில் பாதியை ரிப்பேருக்குக் கொட்டலாமா?

பதில்: விற்கிற விலையோடு ரிப்பேர் செலவை ஒப்பிடுவது விற்கப்போகிறவரின் கணக்கு. ஓட்டப்போகிறவருக்கு அது உதவாது. அந்த 80,000-ஐ எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனால் வேறொருவர் கைகழுவிய இன்னொரு 2008 கார்தான் கிடைக்கும். உங்கள் காரின் நோயாவது உங்களுக்குத் தெரியும். அதன் நோய் தெரியாது. ஆகவே, இந்தப் பணத்தைப் போட்டால் கார் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று கேளுங்கள். அதற்கான பதில் இன்ஜினில் இல்லை, அடித்தட்டில் இருக்கிறது. இன்ஜினைப் புதிதாக்க முடியும். அரித்துப்போன உடம்பைப் புதிதாக்க முடியாது. லிஃப்டில் தூக்கிக் கீழே பார்க்காமல் இன்ஜினுக்குப் பத்து ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

அடித்தட்டு நன்றாக இருக்கிறதா? அப்படியானால் அடுத்தது, அந்த 40,000 உண்மையிலேயே தேவையா என்பது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை ஒரு வீச்சு வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல்தான். அந்த வேலை இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டோடு முடியும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலமாகப் புகைந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஊகம் வேண்டாம், சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த சிலிண்டரில் அழுத்தம் குறைவோ அதில் ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட். அரை மணி நேர வேலை இது. இதைச் செய்யாமலே முழு இன்ஜினையும் பிரிக்கலாம் என்பவரிடம் காரை விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு 200 மில்லி ஆயில் குறைகிறது, மற்றபடி இழுவை நன்றாக இருக்கிறது என்றால், இன்ஜினைத் தொடாமல் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றிக்கொண்டே ஓட்டலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கேள்வி (குருசுக்குப்பம், புதுச்சேரி): வீட்டிலிருந்து கடல் தெரியும். காரின் கதவுக்குக் கீழே துரு கிளம்பியிருக்கிறது. டிங்கர் ஒருவர் 6,000 என்கிறார், இன்னொருவர் 22,000 என்கிறார். யாரை நம்புவது?

பதில்: 6,000 சொன்னவர் அநேகமாக மேலே சுரண்டி, பட்டி போட்டு, பெயின்ட் அடித்துத் தருவார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் கொப்புளம் கிளம்பும். துருப்பிடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, உள்பக்கமும் துருத் தடுப்பு அடித்துத் தருபவர் அதிகம்தான் கேட்பார். இரண்டாமவர் இதைத்தான் செய்கிறாரா என்று கேளுங்கள். பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டுவதாகச் சொன்னால் அவரும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கி உள்ளுக்குள்ளேயே தின்னும்.

அதற்கு முன் துரு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கதவின் ஓரம், டிக்கி மூடி, மட்கார்டு விளிம்பு ஆகியவற்றில் இருந்தால் அழகுதான் கெட்டது, அவசரமில்லை. ஜாக் வைக்கும் இடம், லோயர் ஆர்ம் போல்ட் ஏறும் இடம், பின் ஆக்சில் மாட்டியிருக்கும் இடம், சீட் பெல்ட்டைத் தரையோடு இறுக்கியிருக்கும் இடம் ஆகிய நான்கும் உயிர் சம்பந்தப்பட்டவை. ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் அங்கெல்லாம் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். அரித்தது மொத்தென்று அமுங்கும், சில சமயம் கைப்பிடியே உள்ளே போய்விடும். சந்தேகமான இடத்தில் சின்னக் காந்தத்தை வையுங்கள்; ஒட்டவில்லை என்றால் அங்கே இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. இந்த நான்கு இடங்களில் ஒன்றில் அரிப்பு என்றால் வெட்டி வைத்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். இரண்டு மூன்றில் என்றால் அந்தக் காருக்கு இனி எந்தச் செலவும் தகாது, பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடுங்கள்.

பிரேக் பைப்பையும் பாருங்கள். கடலோரத்தில் அந்த மெல்லிய இரும்புக் குழாய் சத்தமில்லாமல் அரிக்கும்.

கடற்காற்றுக்குப் பயந்து பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உறை உப்பைத் தடுப்பதைவிட ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் அதிகம். அதற்குப் பதில் மாதம் இருமுறை அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் பீய்ச்சுங்கள். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை ஒரு குச்சியால் குத்தி விடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

கேள்வி (பண்ருட்டி): அண்ணா, 2.5 லிட்டர் டீசல் இன்னோவா, இரண்டாம் கையாக வாங்கினேன். 2,30,000 கி.மீ. டைமிங் பெல்ட் மாற்றினார்களா என்று தெரியவில்லை. சத்தம் எதுவும் இல்லை, பொறுக்கலாமா?

பதில்: பொறுக்காதீர்கள் தம்பி. வால்வுகளை பிஸ்டனோடு தாளம் தப்பாமல் திறந்து மூட வைப்பது இந்த பெல்ட்தான். அது சத்தம் போட்டு எச்சரிக்காது, நேராக அறுந்துவிடும். டீசல் இன்ஜினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடம்தான். அறுந்த நொடியில் இரண்டும் மோதி வால்வு வளையும், ஹெட்டே போகலாம். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். டென்ஷனரையும் ஐட்லர் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள்; கூலி ஒன்றுதான். பழைய காருக்குச் செய்யும் செலவுகளில் யோசிக்கவே தேவையில்லாத செலவு என்றால் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி (வில்லியனூர்): எங்கள் டீசல் டிசையர் 2,10,000 கி.மீ. கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா? அதிலும் டைமிங் பெல்ட் இருக்கிறதா?

பதில்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். கியர் பாக்ஸை இறக்குவதற்குத்தான் கூலி. அதை வருடத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டாம். உங்கள் 1.3 டீசலில் பெல்ட் இல்லை, செயின். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சலசலவென்று செயின் சத்தம் கேட்டால் மட்டும் கவலைப்படுங்கள்.

கேள்வி (அரியாங்குப்பம்): ஓடும்போது ஒன்றும் இல்லை. போக்குவரத்து நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. ரேடியேட்டர் மாற்றச் சொல்கிறார்கள். 11 வருடக் கார்.

பதில்: ஓடும்போது எதிர்க்காற்றே குளிர்விக்கிறது. நின்றால் ஃபேன்தான் வேலை செய்ய வேண்டும். ஆகவே முதலில் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். அதன் மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சார் எல்லாம் ரேடியேட்டரைவிட மலிவு. இவை சரியாக இருந்தால் மட்டும் ரேடியேட்டருக்கு வரலாம். வெளிப்பக்கத் தகடுகள் உப்புக் காற்றில் உதிர்ந்திருந்தாலோ உள்ளே அடைத்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும்.

உள்ளே ஏன் அடைக்கிறது? நம் கடலோரத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். கூலன்ட் குறையும்போதெல்லாம் டீக்கடையில் ஒரு குடம் வாங்கி ஊற்றினால் சில வருடங்களில் உள்ளே படிவு கட்டிவிடும். காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ட் மட்டுமே ஊற்ற வேண்டும்.

இன்னொரு ஊர் வழக்கமும் இருக்கிறது. இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டை, ‘வெயில் ஊருக்கு இது எதற்கு’ என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். எனக்கு இதைப் பார்த்தால் எரிச்சல் வரும். இன்ஜின் தன் சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். உங்கள் காரில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். முள் சிவப்பைத் தொட்டால் மட்டும் தயவுசெய்து ஓட்டாதீர்கள். சில ஆயிரத்தில் முடிவது, ஹெட் வளைந்து கேஸ்கட் போனால் பல ஆயிரமாகும்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): ஓய்வு பெற்ற ஆசிரியை நான். வருடா வருடம் ஏசிக்கு கேஸ் நிரப்புகிறேன். பழைய காருக்கு ஏசி ரிப்பேர் வீண் செலவு என்கிறான் மகன்.

பதில்: மே மாதக் கடலூர் வெயிலில், உங்கள் வயதில், அது வீண் செலவு இல்லை அம்மா. வீண் செலவு வருடா வருடம் கேஸ் நிரப்புவதுதான். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள். கடலோரக் கார்களில் பெரும்பாலும் முன்னால் இருக்கும் கண்டென்சர்தான் அரித்துக் கசியும், அதை மாற்றுவது எளிது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் என்றால் கூலி கூடும். கம்ப்ரஷரே போய்விட்டது என்றால் மட்டும் மகன் சொல்வதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): 2006 பெட்ரோல் கார். இ20 பெட்ரோலுக்காக ரப்பர் குழாய்களை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஏமாற்றுகிறாரா?

பதில்: இல்லை. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல கார்கள் 20 சதவீத எத்தனாலுக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. பழைய ரப்பர் குழாயும் வாஷரும் அதில் ஊறி உப்பி வெடிக்கலாம். பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும். இருபது வருட ரப்பரை எப்படியும் மாற்ற வேண்டியதுதான், செலவும் சிறியது. இதே சாக்கில் விற்கப்படும் மருந்துப் புட்டிகளை மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி (முதலியார்பேட்டை): காருக்கு அடுத்த வருடம் 15 வயது. பெரிய ரிப்பேர் இரண்டு மூன்று பாக்கி இருக்கிறது. 15 வருடத்துக்கு மேல் ஓட்டவே கூடாது என்கிறார்களே?

பதில்: அது தில்லிப் பகுதிக்கான விதிகளைக் கேட்டுவிட்டுச் சொல்வது. இங்கே தனியார் காரின் ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை) 15 ஆண்டுக்குப் பிறகு, கார் தகுதிச் சோதனையில் தேறினால், ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக்கினார்கள்.

நீங்கள் முடிவெடுக்க இதுதான் சரியான வேளை. புதுப்பித்த பிறகு ‘இனி என்ன செய்வது’ என்று யோசிக்காதீர்கள். இப்போதே அடித்தட்டைப் பாருங்கள். இன்னும் ஐந்து வருடம் தாங்கும் என்றால் பாக்கி வேலைகளை முடித்துவிட்டுப் புதுப்பியுங்கள். செலவு ஐந்து வருடத்துக்குப் பிரிந்துவிடும். தாங்காது என்றால் பிரேக், டயர், ஸ்டியரிங் தவிர எதற்கும் காசு போடாமல் ஓட்டி, ஆர்.சி. காலாவதியாகும் முன் கைமாற்றுங்கள்.

கேள்வி (சிதம்பரம்): டயர் ஒன்பது வருடப் பழசு, ஆனால் பட்டன் (தரையைத் தொடும் வெட்டு) நிறைய இருக்கிறது.

பதில்: மாற்றுங்கள். பட்டன் இருந்தாலும் ரப்பர் செத்துவிட்டது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது.

கேள்வி (லாஸ்பேட்டை): விற்பதற்கு முன் முழு பெயின்ட் அடித்தால் விலை கூடுமா?

பதில்: கூடாது. எதை மறைத்தார் என்றுதான் வாங்க வருபவர் யோசிப்பார்.

கேள்வி (கடலூர் முதுநகர்): தம்பிக்காகப் பழைய கார் பார்க்கிறோம். 1,20,000 கி.மீ. மட்டுமே ஓடிய கார், சந்தை விலையைவிட நாற்பதாயிரம் குறைவு. சின்ன ரிப்பேர் செய்தால் போதும் என்கிறார் புரோக்கர். வெள்ளத்தில் மூழ்கிய கார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சந்தேகப்பட்டது சரி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அங்கே 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்தது. அன்று நின்ற இடத்திலேயே மூழ்கிய கார்கள் பிறகு கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. அவற்றின் இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். வயரிங் அப்படியில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் பச்சை பூத்து, இன்று ஹாரன், நாளை ஜன்னல், மறுநாள் கம்ப்யூட்டர் என்று முடிவில்லாமல் பணம் கேட்கும்.

பார்க்கப் போகும்போது சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். யாரும் அந்தக் கடைசிச் சாண் துணியைக் கழுவுவதில்லை. சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியில் வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். சீட்டின் அடியில் நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஃபியூஸ் பெட்டியில் பச்சை இருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் நீர்த்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய காரில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். புரோக்கர் மறுத்தால் முன்பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த காரைப் பார்க்கப் போங்கள்.