மூடிய குப்பைமேட்டின் ஓரத்தில் படிப்பகம்: மழை பெய்தால் வாடை வருகிறதே?

கேள்வி: எங்கள் நகராட்சியின் பழைய குப்பைக்கிடங்கை 8 வருடங்களுக்கு முன் மண் கொட்டி மூடி, பூங்கா ஆக்கினார்கள். அதன் ஓரத்தில் நகராட்சிப் படிப்பகம் இருக்கிறது. மழை நாட்களில் மட்டும் உள்ளே அழுகிய முட்டை வாடை வருகிறது. கழிவறைக் கோளாறு என்கிறார்கள். பூங்காவின் நடுவில் சமுதாயக் கூடம் கட்டவும் பேச்சு நடக்கிறது. கட்டலாமா? – ஒரு வார்டு கவுன்சிலர்

கழிவறைக் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் ‘மழை நாட்களில் மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று சொற்கள்தான் எனக்கு உறுத்துகின்றன.

மண்ணைப் போட்டு மூடினால் குப்பை செத்துவிடாது. காற்றுப் புகாத ஆழத்தில், ஈரம் இருக்கும்வரை, நுண்ணுயிரிகள் அதைத் தின்றுகொண்டேதான் இருக்கும். அப்போது வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. கொட்டிய சில வருடங்களில் இது உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லக் குறைந்தபடி 20, 30 வருடங்கள்கூட வரும். 8 வருடம் என்பது ஓய்ந்துபோன மேடு அல்ல.

இந்த வாயு மேலே வர வழி இருந்தால் மேலே வந்து காற்றோடு போய்விடும். மழையில் மேல்மண்ணின் துளைகளில் தண்ணீர் அடைத்துக்கொள்ளும். மேல்வழி அடைபட்டதும் வாயு பக்கவாட்டில் நகரும்: மணல் படுகை, பழைய கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டி நிரப்பிய பள்ளம், கேபிள் போட்ட குழாய் எது கிடைத்தாலும் சரி. அது போய் முடியும் இடம் பல நேரம் ஏதோ ஒரு கட்டடத்தின் அடித்தளம்.

இங்கிலாந்தின் டெர்பிஷர் பகுதியில் லாஸ்கோ என்று ஒரு கிராமம். 1986 மார்ச் 24 அன்று காலை, மூடப்பட்ட குப்பைக்கிடங்கிலிருந்து சுமார் 70 மீட்டர் தள்ளியிருந்த ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமானது. உள்ளே இருந்த மூவரும் காயங்களோடு பிழைத்தார்கள். முந்தைய சில மணி நேரத்தில் காற்றழுத்தம் மளமளவென்று இறங்கியிருந்தது: 7 மணி நேரத்தில் 29 மில்லிபார். வெளியே அழுத்தம் குறைந்ததும் நிலத்தடி வாயு, மூடி திறந்த சோடா மாதிரி வெளியேறி வீட்டின் தரைக்கடியில் தேங்கியிருக்கிறது. நமக்கு வடகிழக்குப் பருவத்தில் மழையும் காற்றழுத்தத் தாழ்வும் கைகோத்துத்தான் வரும். அளவு எடுப்பவரோ பெரும்பாலும் வெயில் நாள் பார்த்து, கால் சேறாகாமல் வந்து போவார். ‘மீத்தேன் இல்லை’ என்று அறிக்கையும் வந்துவிடும்.

வாடையை நம்பி முடிவெடுக்காதீர்கள். மீத்தேனுக்கு வாடையே கிடையாது. நீங்கள் முகர்வது அதோடு வரும் ஹைட்ரஜன் சல்பைடை. வாடை இல்லை என்றால் மீத்தேன் இல்லை என்று ஆகாது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அந்த 5 சதவீதத்தில் கால் பங்கை, அதாவது 1.25 சதவீதத்தை, குப்பைக்கிடங்குக்கான வரம்பாக வைத்தன. படிப்பகத்துக்குள் 1 சதவீதம் காட்டினாலே நான் ஆட்களை வெளியேற்றிவிடுவேன்.

சரி, முதலில் செய்ய வேண்டியது என்ன? வாடை வரும் நாளில் விளக்கு சுவிட்சைத் தட்டாமல் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள். அப்புறம் வாயு அளக்கும் கருவியோடு ஆளை வரவழையுங்கள். அறையின் நடுவில் நின்று அளந்தால் ஒன்றும் கிடைக்காது. மின்கம்பி நுழையும் ஓட்டை, தண்ணீர்க் குழாய் தரையைத் துளைக்கும் இடம், சுவரும் தரையும் சேரும் விரிசல், சம்ப் மூடி, பூட்டிக் கிடக்கும் அலமாரி அறை என்று கருவியின் முனையை ஒவ்வொன்றிலும் நுழைத்துப் பார்க்க வேண்டும். பூங்காவையும் ஒரு சுற்று பாருங்கள். மழை விட்டதும் தேங்கிய நீரில் ஒரே இடத்தில் குமிழி வருகிறதா? நன்றாகத் தண்ணீர் விட்டும் புல் வட்ட வட்டமாகக் கருகியிருக்கிறதா? வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் வாயு அடைத்துக்கொண்டிருக்கலாம்.

கருவியில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரணமாகக் கையில் எடுத்து வரும் எரிவாயு மானிகளில் பல, வாயுவை உள்ளே எரித்துப் பார்த்து அளவு சொல்பவை. ஆக்சிஜன் இல்லாத துளைக்குள் விட்டால் எதுவும் எரியாது, குறைவான அளவைத்தான் காட்டும். மண்ணுக்குள் அளக்க அகச்சிவப்பு முறையில் இயங்கும், மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும். ஒப்பந்தத்தில் இதை எழுதாவிட்டால் மலிவான மானிதான் வரும்.

அடுத்தது, மேட்டுக்கும் படிப்பகத்துக்கும் நடுவில் சில கண்காணிப்புத் துளைகள். குப்பையின் அடிமட்டம் வரை, அல்லது நிலத்தடி நீர் மட்டம் வரை இறக்கி, துளையிட்ட பி.வி.சி. குழாய் வைத்து, சுற்றி ஜல்லி போட்டு, மேல்பகுதியைக் களிமண்ணால் அடைத்து, வாயில் குழாய் வால்வு பொருத்த வேண்டும். ஒரு வருடம் மாதம் ஒருமுறை அளங்கள். தாழ்வு மண்டலம் உருவானதாக வானிலை மையம் அறிவித்தால், அதற்கென்று தனியாக ஒருமுறை. அன்றைய காற்றழுத்தத்தையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். இந்த நோட்டு இல்லாமல் எந்தப் பொறியாளரும் உங்களுக்கு உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

அளவு கூடுதலாக வந்தால், கட்டடத்தின் பக்கம் நீள வாக்கில் ஜல்லி நிரப்பிய அகழி வெட்டி, கட்டடம் பார்த்த சுவரில் தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, கூரைக்கு மேல் போகும் குழாய்களால் வாயுவை வெளியே விடலாம். படிப்பகத் தரைக்கடியிலும் குழாய் செலுத்தி, பொறி பறக்காத விசிறியால் இழுத்துவிடலாம். மேட்டிலேயே கிணறு போட்டு உறிஞ்சுவது கடைசி வழி. அதிலும் அளவு மீறி இழுத்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, மண்ணுக்கடியில் தீப்பிடிக்கும். அந்தத் தீயை அணைப்பது பெரும்பாடு. ‘இந்த வாயுவில் மின்சாரம் எடுக்கலாம்’ என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒரு சிறு நகராட்சியின் மேட்டில் இன்ஜின் ஓடுமளவு நிலையான வாயு பெரும்பாலும் கிடைக்காது.

சமுதாயக் கூடம் வேண்டாம். 2016 விதிகள் மூடிய பிறகு குறைந்தது 15 வருடப் பராமரிப்பைச் சொல்லின. வாயு, குப்பையிலிருந்து ஊறி வரும் கசிவுநீர், மண்ணின் உறுதி எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே குடியிருப்பு போன்ற பயன்பாட்டை யோசிக்கலாம் என்றன. உங்களுடையதில் பாதி தூரம்தான் தாண்டியிருக்கிறது. அங்கே சமையல் அடுப்பு எரியும், ஜெனரேட்டர் ஓடும், முந்நூறு பேர் பந்தியில் உட்காருவார்கள். குப்பை சீராகவும் அமுங்காது. ஒரு மூலை இறங்கினால் தரை விரியும், அந்த விரிசலே வாயுவுக்கு வாசல். வேறு நிலம் பாருங்கள்.

அந்த இடத்தில்தான் எதையாவது கட்டியாக வேண்டும் என்று மன்றம் நின்றால், சின்னதாக, தூண்கள் மேல், கீழ்த்தளம் நாலு பக்கமும் திறந்தபடி இருக்கட்டும். காற்று வீசி வாயுவைக் கலைத்துவிடும். இரண்டு வருடம் கழித்து அந்தக் கீழ்த்தளத்தை யாரோ சுவர் எழுப்பி மூடி, சைக்கிள் ஸ்டாண்டோ ஸ்டோர் ரூமோ ஆக்கிவிடுவார்கள். அதைத் தடுக்கத் தீர்மானத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்.