சாலையோரம் பேனர் வைக்க ஏன் அனுமதி வாங்க வேண்டும்?

திருமணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என எதற்கானாலும், பொதுச் சாலையில் பேனர் வைக்கும் முன் அரசிடம் பெறும் எழுத்துபூர்வ ஒப்புதலைத்தான் பேனர் அனுமதி என்கிறோம். தமிழ்நாட்டில் அனுமதி எண்ணையும் எத்தனை நாளுக்கு என்பதையும் பேனரிலேயே அச்சிட வேண்டும். அடுத்த முறை ஒரு பேனரின் அடிப்பகுதியைக் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அந்த எண் இருக்காது.

அனுமதி வாங்கச் சொல்வதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல, உயிர். சவுக்குக் கம்பில் கட்டிய பிளெக்ஸ் காற்றில் பாய்மரம்போல் உப்பும். கயிறு இற்றால் போகிறவர் மேல்தான் விழும். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் அதுதான் நடந்தது. சாலையின் நடுத்திட்டில் வைத்திருந்த திருமண பேனர் ஸ்கூட்டரில் சென்ற 23 வயதுப் பெண் மீது சரிந்தது. கீழே விழுந்தவர் மேல் தண்ணீர் லாரி ஏறியது. வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர் அவர். இன்றும் அந்த வழியே போகும்போது எனக்கு மனம் பதறுகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எல்லோருக்கும் பங்குண்டு. அதனாலேயே அங்கே யாரும் பீரோவைக் கொண்டுவந்து வைப்பதில்லை. பொதுச் சாலையும் அப்படித்தான்.

'என் சொந்தச் சுவரில் வைத்தால் யார் கேட்பது?' என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: இடம் உங்களுடையதாக இருந்தாலும், சாலையில் போகிறவர் கண்ணில் படும்படி விளம்பரப் பலகை வைக்க உரிமம் தேவை.